முதுசமா, தேடிய தேட்டமா?

2022ஆம் ஆண்டின் சமையல் வாயுத் தட்டுப்பாட்டை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். கொக்குவிலிலும் விடியுமுன்னரே வெற்றுச் சிலிண்டர்கள் வரிசையில் நின்றன. அந்நாள்களில் ஒருநாள், தரம் பத்து மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சேர், மன்னார்க் கடலுக்குள்ள காஸ் கிடக்குதாம். அது ஆருக்குச் சொந்தம்?"

செய்தி உண்மைதான். 2011இல் கெய்ர்ன் லங்கா நிறுவனத்துக்காக ஜப்பானின் 'சிக்கியூ' கப்பல் மன்னார்ப் படுகையில் துளையிட்டது. 1,300 மீற்றருக்கும் ஆழமான நீரின் அடியில், 'டொராடோ', 'பரகூடா' எனப் பெயரிட்ட இரு கிணறுகளில் வாயு தென்பட்டது. 2015இல் நிறுவனம் விலகிக்கொண்டது. வாயு இன்னும் வெளியே எடுக்கப்படவில்லை. நமது சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். அங்கே கிடப்பது பெரும்பாலும் மெதேன். எடுத்தாலும் அது முதலில் மின்நிலையத்துக்குத்தான் போகும், அடுப்புக்கு அல்ல.

ஆருக்குச் சொந்தம் என்பதற்கும் சட்டத்தில் விடை உண்டு. 2021ஆம் ஆண்டின் பெற்றோலிய வளங்கள் சட்டப்படி அது அரசுக்குரியது. ஆனால் அரசு என்றால் யார்? இன்று வாக்களிக்கும் நாம் மட்டுந்தானா? இலட்சோப இலட்சம் ஆண்டுகளில் உருவானதை இருபது முப்பது ஆண்டுகளில் ஒரே தலைமுறை எரித்து முடித்துவிடலாம். அதற்கு நமக்கு உரிமை உண்டா?

யாழ்ப்பாணத்துத் தேசவழமை சொத்தை வகைபிரித்துப் பார்க்கும். பெற்றோர் வழி வந்தது முதுசம். மணவாழ்வில் உழைத்துச் சேர்த்தது தேடிய தேட்டம். முதுசக் காணியை விற்றுச் சாப்பிட்டவனை ஊர் மதிப்பதில்லை. அதை விற்று வேறு காணி வாங்கியவனைக் குறைசொல்வதுமில்லை. கடலடி வாயுவை நாம் உழைத்து உண்டாக்கவில்லை, அது முதுசம். இதழின் வாசகர்களுக்குப் பழகிய சொல்லில் கூறினால், அமானிதம். அமானிதத்தை வாங்கியபடியே திருப்பிக் கொடுக்கவேண்டும். எரித்த வாயுவைத் திருப்பிக் கொடுக்கமுடியாது. ஆகவே அதற்கு ஈடான ஒன்றையாவது விட்டுச்செல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மன்னார்க் கடல் இந்தப் பாடத்தை ஏற்கெனவே படித்திருக்கிறது. 1906இல் பிரித்தானிய அரசு முத்துப் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பெனியிடம் கொடுத்தது. 1907க்குப் பின் பல ஆண்டுகள் முத்துக்குளிப்பே நடக்கவில்லை. 1912இல் கம்பெனியும் கலைந்தது. பார்கள் அழிந்ததில் இயற்கைக்கும் பங்குண்டு. என்றாலும், கடலை நம்பியிருந்த சுழியோடிகளிடமும் கரையோர மக்களிடமும் அந்தக் குத்தகையைப் பற்றி எவரும் கேட்கவில்லை. சிப்பியாவது மீண்டும் வளரக்கூடியது. வாயு வளராது.

"கடனில் மூழ்கிய நாட்டில் நாளைய தலைமுறையைப் பற்றிப் பேசுவது வயிறு நிறைந்தவன் வேதாந்தம்" என்று நண்பரொருவர் சொன்னார். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென்று அறிவித்த நாடு இது. பிள்ளையின் பசிக்காக முதுசத்தை விற்பது பாவமாகாது. ஆனால் பழைய ஊதாரித்தனத்தின் கடனை அடைக்க விற்பதும் பசிக்கு விற்பதும் ஒன்றல்ல. மேலும், அந்தரத்தில் விற்கும் காணிக்கு அரைவிலைதான் கிடைக்கும்.

நோர்வே தன் கடலடி வருமானத்துக்கென 1990இல் ஒரு நிதியத்தைச் சட்டமாக்கியது. முதலைத் தொடாமல், அதன் எதிர்பார்க்கும் வருவாயளவுக்கே செலவுசெய்வது அங்கு 2001 முதல் விதியாக இருக்கிறது. அவர்கள் செல்வந்தர்கள், நாம் அப்படியல்ல என்பது மெய்யே. ஆயினும் முதுசத்தை விற்று வேறு காணி வாங்கும் வழி அது. நாம் பெறுவதில் ஒரு பங்கையேனும் பள்ளிக்கூடமாகவும், சூரிய மின்சாரமாகவும் மாற்றமுடியாதா? பேசாலையிலும் சிலாவத்துறையிலும் வலை வீசுபவரிடம் ஒப்பந்தத்துக்கு முன்னரே ஒரு வார்த்தை கேட்கமுடியாதா?

அன்று அந்த மாணவிக்குச் சட்டம் சொன்ன விடையைத்தான் சொன்னேன். இன்று கேட்டால் இப்படிச் சொல்வேன்: "பிள்ளை, அது உனக்கும் எனக்கும் மட்டும் சொந்தமில்லை. உன்ர பேரப்பிள்ளைக்கும் அதில ஒரு பங்கு இருக்கு. அதை ஆர் எழுதிவைக்கிறது எண்டதுதான் கேள்வி."