தாகமும் தருமமும்

திருவிடந்தையில் நித்திய கல்யாணப் பெருமாளைச் சேவித்து, அங்கிருந்து திருக்கடல்மல்லைத் தலசயனப் பெருமாளைச் சேவிக்கச் செல்லும் அன்பர்கள் கடலோரமாகவே நடக்கின்றனர். கண்ணுக்கெட்டிய தூரம்வரை நீர்; நாவிலோ வறட்சி. அவ்வேளையில் தண்ணீர்ப் பந்தலில் ஒருவர் குவளையை நீட்டுகின்றார். பருகியவர் மனம் குளிர்ந்து வாழ்த்துகின்றார். ஈந்தவர் புண்ணியம் ஈட்டினோம் என மகிழ்கின்றார். இவ்விடத்தில் ஒரு வினாவை எழுப்ப விரும்புகிறோம். தாகத்துக்குத் தண்ணீர் தருவது கொடையா, கடனா? கொடை எனின், தருவதும் தராததும் உடையவர் விருப்பம். கடன் எனின், தராமை குற்றமாகும். இவ்விரண்டுள் எது தருமம்?

இவ்வினாவை ஆராய்வதற்கு முட்டுக்காட்டைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே உப்பங்கழியும் பக்கிங்காம் கால்வாயும். இரு புறமும் நீர் இருந்தும், அதில் ஒரு கையளவும் பருகுதற்கு ஆகாது. ஆயினும் இக்கரையில் மக்கள் வழிவழியாக வாழ்ந்து வந்துள்ளனர். எவ்வாறு? மணலின் கருணையால். மழைக்காலத்தில் பெய்யும் நீரை மணல்மேடுகள் உறிஞ்சித் தம்முள் காத்து வைக்கின்றன. நன்னீர் எடை குறைந்தது. கடல்நீர் எடை மிகுந்தது. ஆகவே நன்னீர், அடியிலுள்ள உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் நிற்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய அறிஞர்கள் கண்டறிந்த கணக்கு. இக்கணக்கை மறுபுறம் திருப்பிப் பார்த்தால் அச்சம் பிறக்கும். மேலே 1 அடி நீர் குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து 40 அடி உப்புநீர் மேலேறும். அதன்பின் அக்கிணறு மீண்டும் இனிப்பதற்குப் பல மழைக்காலங்கள் வேண்டும்.

தன் தோட்டத்துக் கிணற்றில் ஆழ்குழாய் இறக்கி, இரவு பகலாக நீரை இறைத்து லாரிகளுக்கு விற்கும் ஒருவர், ‘என் நிலம், என் நீர், யாருக்கு என்ன நட்டம்?’ என்று கேட்கக்கூடும். நிலத்தின் எல்லையைக் கல் நட்டுக் காட்டலாம். நிலத்தடி நீருக்கு எல்லைக்கல் இல்லை. அவர் விற்றது தம்முடைய நீரை மட்டுமன்று. அண்டை வீட்டு ஏழையின் கிணற்று நீரையும், இன்னும் பிறவாத குழந்தையின் பங்கையும் சேர்த்தே விற்றார். இதனாலன்றோ 1987ஆம் ஆண்டிலேயே சென்னையிலும் சுற்றியுள்ள பல சிற்றூர்களிலும் நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்தத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது! சட்டம் வேலி போடலாம்; வேலியைத் தாண்டாத மனத்தைத் தருமமே தரவேண்டும்.

2019ஆம் ஆண்டின் கோடையை நாம் மறந்திருக்கமாட்டோம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் ஜோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வழியே, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம், சென்னைக்குத் தண்ணீர் வந்தது. பணம் படைத்தோர் லாரித் தண்ணீர் வாங்கினர். ஏழைத் தாய்மார் நெகிழிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தூக்கம் துறந்து காத்திருந்தனர். பஞ்சம் எல்லோருக்கும் பொது எனினும், தாகம் எல்லோருக்கும் ஒரே அளவாக இருந்ததில்லை.

திருக்கடல்மல்லைத் தலவரலாற்றை இங்கே நினைவுகூர்வோம். தாமரை மலர்களைப் பாற்கடல்வண்ணன் திருவடியில் சமர்ப்பிக்க விரும்பிய புண்டரீக மகரிஷி, குறுக்கே கிடந்த கடலைக் கைகளால் இறைத்து வழியுண்டாக்க முனைந்தார். எம்பெருமானோ பசியுற்ற முதியவராய் அவர்முன் வந்து நின்றார் என்பர் பெரியோர். அக்கடற்கரைக்கு வடக்கே சிறிது தொலைவிலுள்ள நெம்மேலியில் இன்று மனிதன் இயந்திரங்களைக் கொண்டு கடலை இறைக்கிறான். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் நிலையம் 2013ஆம் ஆண்டிலும், 15 கோடி லிட்டர் தரும் மற்றொன்று 2024ஆம் ஆண்டிலும் அங்கே தொடங்கிவைக்கப்பட்டன. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் மெல்லிய சவ்வுகளின் ஊடே செலுத்தி நன்னீராக்குகின்றனர். இது போற்றத்தக்க முயற்சியே. ஆயினும் ஆயிரம் லிட்டருக்குப் பொதுவாக மூன்று நான்கு யூனிட் மின்சாரம் செலவாகிறது. எஞ்சும் செறிந்த உப்புநீர் மீண்டும் கடலில் சேர்கிறது. மழை இனாமாகத் தந்த நீரைக் காக்கத் தவறியவன் பெருஞ்செலவில் கடலை வடிகட்டுகிறான். கடலை வெல்லும் ஆற்றல் வந்துவிட்டது; முன்னே வந்து நிற்கும் முதியவரைக் கண்டுகொள்ளும் கண் வந்துவிட்டதா என்பதே கேள்வி.

கிடைப்பது ஒன்று, எல்லோருக்கும் எட்டுவது மற்றொன்று. மகாராஷ்டிரத்து மகாட் நகரில் சவுதார் குளத்தில் நீர் நிறைந்தே இருந்தது. கால்நடைகளும் பருகின. ஒரு சாரார் மட்டும் தீண்டலாகாது என்று தடுக்கப்பட்டனர். 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மக்களோடு சென்று அக்குளத்து நீரை அள்ளிப் பருகினார். அவ்வுரிமை நீதிமன்றத்தில் நிலைபெற மேலும் பத்தாண்டுகள் ஆயின. அது பழங்கதை என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் பருகும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்து, நாடே தலைகுனிந்தது. சந்நிதியில் அர்ச்சகர் சாதிக்கும் தீர்த்தத்தில் பெரியவர், சிறியவர் என்ற அளவு வேறுபாடு உண்டோ? ஒரே வட்டிலிலிருந்து எல்லார் கையிலும் அதே தீர்த்தம் விழுகிறது. கோயிலுக்குள் கற்ற பாடத்தைத் தெருக்குழாயடியில் மறப்பது பக்தியாகுமோ?

‘விலையின்றித் தந்தால் வீணாக்குவார்களே!’ என்பர் சிலர். இது தள்ளத்தக்க வாதமன்று. ஆகவே ஒரு வரம்பு காண்போம். பருகவும், சமைக்கவும், உடல் தூய்மை பேணவும் வேண்டிய நீர் உயிரின் பங்கு. அதற்கு விலை கூறலாகாது. நீந்தும் குளத்துக்கும் புல்வெளிக்கும் வேண்டிய நீர் ஆசையின் பங்கு. அதற்கு விலை கூறுவதே நியாயம். கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று நம் அரசாங்கமே அளவு வகுத்துள்ளது. தூய குடிநீர் மனித உரிமை என்று 2010ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தீர்மானித்தது. ஆயினும் 2022ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் வீட்டில் கிடைக்கவில்லை.

இனி நாம் தொடங்கிய வினாவுக்கு வருவோம். உடையவரின் மாமனாகிய திருமலை நம்பிகள், வேங்கடவன் திருமஞ்சனத்துக்காகப் பாபவிநாசத்திலிருந்து நாள்தோறும் தீர்த்தம் சுமந்து வந்தார். ஒருநாள் வேடன் ஒருவன் வழிமறித்துத் தண்ணீர் கேட்டான். ‘இது எம்பெருமானுக்கு உரியது’ என்று நம்பிகள் மறுத்தார். வேடன் குடத்தைத் துளைத்துப் பருகினான். பின்னர், தன் அம்பினால் மலையில் ஆகாசகங்கையைப் பெருகச் செய்து மறைந்தான். வேடனாய் வந்தவன் வேங்கடவனே என்பது ஆன்றோர் வாக்கு. இதன் உட்பொருள் யாது? தாகத்தோடு வந்து நின்றவனுடையதாகவே அந்நீர் முன்னமே இருந்தது. சுமந்தவர் அதன் உடைமையாளர் அல்லர். கொண்டு சேர்க்கும் பணியாளரே. ஆதலின் தண்ணீர் தருவது கொடையன்று, உரியவரிடம் ஒப்படைக்கும் கைங்கர்யம் என்று துணியலாம்.

அன்பர்காள்! இத்துணிவு உண்மையாயின், நம் கடமை பத்துநாள் பந்தலோடு முடிவதில்லை. புஷ்கரிணியில் நெகிழிப் பையையும் எச்சிலையையும் எறியாதிருப்போம். மழைநீரை நம் வீட்டு மணலிலேயே இறங்கவிடுவோம்; 2003ஆம் ஆண்டில் தமிழகம் எங்கும் கட்டாயமாக்கப்பட்ட அந்த ஏற்பாடு நம் வீட்டில் தூர்ந்து கிடக்கிறதா என்று ஊர் திரும்பியதும் பார்ப்போம். நம் ஊர்க் குழாயடியில் யாரேனும் ஒதுங்கி நின்றால் அவரை முன்னே அழைப்போம். திருவிழா முடிந்து பந்தற்கால் பிடுங்கப்பட்ட மறுநாளும் இவ்வழியே ஒரு முதியவர் நாவறண்டு நடப்பார். அவர் யாரென்று யாரறிவார்?

எல்லா உயிர்க்கும் தாகம் தீர எம்பெருமான் திருவருள் புரிவானாக.