மூளைக் குருதிப்பெருக்கும் முன்னுரைத்தலும்

நோயுற்றான் பிழைப்பானோ மாட்டானோ என்று முன்னுரைத்தல் மருத்துவர் கடன்களுள் ஒன்று. அவ்வுரை நோயின் போக்கை அறிவிக்கும் அளவில் நிற்குமோ, அன்றி அம்முடிவினைத் தானே ஆக்குவதாகவும் மாறுமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியிற் கணக்கெழுதிக்கொண்டிருந்த ஒருவர், நெடுநாட் கவனியாதுவிட்ட இரத்தக்கொதிப்பினால் மூளையின் குருதிக்குழாய் உடைந்து, நாக்குழறிச் சாய்ந்தனர் எனக் கொள்வோம். அரசினர் மோகன் குமாரமங்கலம் மருத்துவக்கல்லூரி மருத்துவமனையிற் சேர்த்தபின் சுற்றத்தார் வினவும் முதல் வினா ‘பிழைப்பாரா?’ என்பதே. இதற்கு விடைகாண ஓர் அளவை உண்டு. அமெரிக்க நாட்டுச் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஹெம்பில் என்னும் மருத்துவரும் அவர் துணைவரும் 152 நோயாளரை ஆராய்ந்து 2001-இல் அதனை வெளியிட்டனர். உணர்வின் அளவு யாது, பெருகிய குருதி 30 மில்லிலிட்டரை எட்டியதா, மூளையின் உள்ளறைகளிற் புகுந்ததா, சிறுமூளை அல்லது மூளைத்தண்டுப் பகுதியிற் தோன்றியதா, அகவை 80 நிரம்பியதா என்னும் ஐந்தும் நோக்கி எண் இடப்படும். எண் 2 ஆயின் நூற்றுக்கு 26 விழுக்காடும், 3 ஆயின் 72 விழுக்காடும், 4 ஆயின் 97 விழுக்காடும் முப்பது நாளுள் இறந்தமை அவர் கண்டது.

இவ்வெண் கூட்டத்தைப் பற்றியது. தனி ஒருவரைப் பற்றியதன்று. எண் 3 பெற்றார் நூற்றுவருள் இருபத்தெண்மர் பிழைப்பரேல், நம்மவர் அவருள் ஒருவரோ அல்லரோ என்பதனை அது கூறமாட்டாது. அன்றியும், சியாட்டில் நகரத்துப் பெக்கர் முதலியோர் அதே 2001-இல் வேறொரு குறையினை எடுத்துக்காட்டினர். ‘இனி நம்பிக்கையில்லை’ என்று மருத்துவர் உரைப்பர், உரைத்தபின் உயிர்காக்குங் கருவிகள் நீக்கப்படும், நோயாளர் இறப்பர், அவ்விறப்பே முன்னுரை மெய்யென்பதற்குச் சான்றாகக் கணக்கில் ஏறும். ஒன்றனை ஒன்று பற்றிநிற்கும் இதனைத் தருக்க நூலார் அன்னியோன்னியாச்சிரயம் என்னுங் குற்றமாகக் கொள்வர். இதுபற்றியே, அமெரிக்க இதயச் சங்கத்தார் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, நோயாளர் முன்னரே தம் விருப்பத்தை உரைத்திராதவழி, சிகிச்சையைக் குறைக்கும் புதிய முடிவுகளை இரண்டாம் முழுநாள் வரையேனும் ஒத்திவைக்குமாறு கூறுகின்றது.

அற்றேல், வருவது பிராரத்தவினைப்படியே வருமாதலின் சிகிச்சையாற் பயன் என்னை எனின், அற்றன்று. பிராரத்தம் இன்னதென அனுபவித்து முடியுமுன் நம்மனோர் அறியகில்லோம். அறியாத ஒன்றனைக் காட்டிக் கைவிடுதற்கு நியாயங் கூறல் பொருந்தாது. சிகிச்சை கிடைத்தலும் அவ்வினைப்பயனுள் அடங்கலாம் அன்றோ? மேலும், கைவிடுதல் நோயாளர் வினையன்று; நம் செயல். அதன் ஆகாமியம் நம்மையே சாரும்.

உணர்வு என மருத்துவர் அளப்பது கண்திறத்தல், மொழிதல், அங்கம் அசைத்தல் ஆகிய கருவித்தொழில்களையே. கருவிகள் ஒடுங்கிய அவத்தையில் உயிர் இல்லையாகிவிடுவதில்லை என்பது சித்தாந்த நூல்களிற் பயின்றார்க்குப் புதிதன்று. ஆகலின் வாய்திறவாதான் முன் அவனை இறந்தானாக வைத்துப் பேசுதல் தகாது.

இவ்வாறு கூறியதனால், மீளாத உடம்பை எவ்வாற்றானும் நீட்டித்தலே அறம் என்பது கருத்தன்று. தேர்ந்த மருத்துவர் பலர் ஒருங்கு நோக்கி மீட்சியில்லை எனத் தெளிந்தவழி, நோவு தணித்து இயல்பின்வழி விடுதலும் கருணையே. நம் நாட்டு உச்சநீதிமன்றமும் 2018-இல் வரம்புகள் வகுத்து இதனை ஏற்றுள்ளது. விடத்தகாதது விரைவு ஒன்றே.

எனவே, மருத்துவர் எண்ணை எண்ணாகவே உரைக்க; விதியாக உரையற்க. சுற்றத்தார் காலம் பெறுமளவும் பொறுத்திருக்க. அறியாமையை அறிந்து அடங்கிநிற்றல் பசுவாகிய நமக்கு இழிவன்று. அதுவே அறிவு என்க.