காட்டிக் கொடுத்தவருக்கும் பங்கு உண்டா?

விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம், சிமெண்ட் ஆலையாலும் சுற்றுவட்டாரப் பட்டாசுத் தொழிலாலும் வெளியூராருக்கு அறிமுகமான ஊர். மேற்கே பார்த்தால் மலைத்தொடர். அங்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி 1988-ல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாயிற்று. 2021-ல் மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. மலையடிவாரத்தில் மக்காச்சோளம் போட்டவர்களைக் கேட்டால், ஒரே இரவில் பன்றிக் கூட்டம் செய்துவிட்டுப் போகும் நாசத்தைக் கதை கதையாகச் சொல்வார்கள்.

இத்தகைய ஊர்களில் இன்று ஒரு புதுப் பொருள் பேச்சில் அடிபடுகிறது. மரத்தில் கட்டி வைத்துவிட்டு வந்தால், ஆளில்லாத நேரத்தில் தானே படம் எடுக்கும் கேமரா. உடற்சூடுள்ள ஒன்று அதன் முன்னே அசைந்தால், அந்தச் சூட்டை உணர்ந்து நொடிப்பொழுதில் விழித்துக் கொள்ளும். இருட்டிலும் கண்ணுக்குப் புலப்படாத ஒளியைப் பாய்ச்சிப் படம் பிடிக்கும். எந்த விலங்கு, எந்த வழியில், எத்தனை மணிக்கு வருகிறது என்பதெல்லாம் வீட்டிலிருந்தே தெரிந்துவிடும்.

வேட்டைப் பிரியர்கள் சிலர், “கேமரா யாரையும் கொல்லவில்லையே! பார்ப்பதில் என்ன பாவம்?” என்று கேட்கக்கூடும். நியாயம் போலத் தோன்றும் இக்கேள்வியை நாம் சற்று நிதானமாக ஆராய வேண்டும்.

ஹுதைபிய்யா ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியை ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. ஸஹாபாக்கள் இஹ்ராம் உடையில் இருந்தார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் மட்டும் இஹ்ராம் கட்டவில்லை. காட்டுக் கழுதை ஒன்று கண்ணில் பட்டது. குதிரையேறிய அபூ கதாதா (ரலி), தமது சாட்டையை எடுத்துத் தரும்படி கேட்டபோது, தோழர்கள் மறுத்துவிட்டார்கள். அவர் தாமே இறங்கி எடுத்துக்கொண்டு சென்று வேட்டையாடி வந்தார். அந்த இறைச்சியைச் சிலர் உண்டனர். பின்னர் ஐயம் எழுந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்று கேட்டபோது, அண்ணலார் அவர்கள் விசாரித்தது ஒன்றுதான்: அதைத் தாக்கும்படி உங்களில் யாரேனும் ஏவினீர்களா, அல்லது அதைச் சுட்டிக் காட்டினீர்களா? இல்லை என்று அறிந்த பின்னரே, எஞ்சியதை உண்ண அனுமதித்தார்கள்.

இங்கே சிந்திக்க வேண்டும். சுட்டிக் காட்டுவது விரலின் ஓர் அசைவு. ஈட்டியும் இல்லை, இரத்தமும் இல்லை. ஆயினும் வேட்டையாடுவது எவருக்குத் தடுக்கப்பட்டதோ, அவருக்குச் சுட்டிக் காட்டுவதும் தடுக்கப்பட்டது. மரத்தில் கட்டிய கேமரா, இரவெல்லாம் நீட்டி வைத்த நமது விரலே அல்லவா?

“அது இஹ்ராமுக்குரிய சட்டம், நாம் இஹ்ராமில் இல்லையே” என்று சிலர் சொல்லலாம். உண்மைதான், தேவைக்கு வேட்டையாடுவதை மார்க்கம் ஹலாலாக்கியிருக்கிறது. ஆனால் வேட்டையைப் பற்றிப் பேசும் மாயிதா அத்தியாயம், ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையுடன்தான் தொடங்குகிறது. இந்நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான், மயில், முயல் ஆகியவற்றை வேட்டையாடத் தடை விதித்திருக்கிறது. முயற்சி செய்வதையும் அச்சட்டம் வேட்டை என்றே கொள்கிறது. இந்நாட்டின் குடிமக்களாக வாழும் நாம் அந்த உடன்படிக்கைக்கு உட்பட்டவர்கள். ஆகவே துப்பாக்கி எடுப்பவருக்காக மான் வரும் தடத்தைப் படமெடுத்துக் கொடுப்பவர், தம் கை சுத்தம் என்று சொல்லிக் கொள்ள முடியாது. அப்படத்தைக் கைப்பேசியில் நாலு பேருக்கு அனுப்புகிறவரும் அவ்வாறே.

வேட்டை சட்டபூர்வமாக உள்ள நாட்டிலும் இக்கேள்வி எழுந்திருக்கிறது. அமெரிக்காவின் வறண்ட மாநிலமான அரிசோனாவில், வேட்டைக்கு உதவியாக இக்கேமராக்களைப் பயன்படுத்துவது 2022 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது. தண்ணீருக்கு வந்தே தீர வேண்டிய பிராணியை, அந்தத் தண்ணீரருகிலேயே கேமரா வைத்துக் காத்திருப்பது நியாயமான வேட்டைதானா என்பது அங்கே நடந்த விவாதம்.

அப்படியானால் கேமராவே ஆகாததா? அல்ல. 2018-ஆம் ஆண்டின் புலிக் கணக்கெடுப்பில் இந்தியக் காடுகளில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. மனிதனின் கைரேகை போலப் புலியின் வரிகளும் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், அப்படங்களைக் கொண்டு 2,461 புலிகளைத் தனித்தனியே அடையாளம் கண்டார்கள். அதே விரல் இங்கே காப்பாற்றுவதற்காக நீட்டப்பட்டது.

விவசாயிக்கும் இதில் பயன் உண்டு. பன்றிக்காக ‘அவுட்டுக்காய்’ என்னும் வெடியை வைக்கும் கொடுமை நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. வெடிக்குக் கண் கிடையாது; கடிப்பது பன்றியா, மாடா, யானையா என்று அது பார்ப்பதில்லை. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காட்டில் வெடி வைத்த காயைக் கடித்த சினையானை, ஆற்று நீரில் நின்றபடியே உயிர்விட்டது. வெடிமருந்தால் பிழைக்கும் நம் வட்டாரத்தார் இதை மறக்கலாகாது. கேமரா வைத்த விவசாயியோ, வந்தது எது என்று அறிந்து, படத்துடன் வனத்துறையிடம் முறையிடலாம். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. அந்த அனுமதி அவர்களுக்கு உரியது, நமக்கன்று.

வாங்குவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். சிம் கார்டு மூலம் உடனுக்குடன் படம் அனுப்பும் வகை, சுட்டிக் காட்டுவதற்கும் கொல்வதற்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைத்துவிடுகிறது. பயிரை அழிப்பது எது என்று அறிய, மெமரி கார்டில் பதியும் சாதாரணக் கேமராவே போதும். அடுத்து, அதை முழங்கால் உயரத்தில் நம் வரப்பை நோக்கிக் கட்ட வேண்டும்; பொதுப் பாதையையோ கண்மாய்க் கரையையோ நோக்கி அல்ல. விறகுக்கும் இயற்கைத் தேவைக்கும் ஒதுங்கும் நம் சகோதரிகள் அங்கே வருவார்கள். விலங்குகளுக்காக உத்தரகாண்டின் கார்பெட் காட்டில் வைத்த கேமராவில் அவ்வாறு ஒரு பெண் பதிவாகி, அப்படம் ஊரெங்கும் பரவியதை 2024-ல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. துருவித் துருவி ஆராயாதீர்கள் என்னும் ஹுஜுராத் அத்தியாயத்தின் தடை இங்கேயும் பொருந்தும். அத்தகைய படம் விழுந்தால், பாராமல் அழித்துவிடுவதே கடமை.

கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளை வரச் செய்து, மறைவில் தன்னை அஞ்சுவோர் யார் என்று அல்லாஹ் சோதிப்பதாக மாயிதா அத்தியாயம் அறிவிக்கிறது. இக்காலத்தில் அவை நம் கைப்பேசிக்கே எட்டிவிட்டன. சோதனை மாறவில்லை.

மறைவிலும் அவனை அஞ்சி, நம் கண்ணையும் விரலையும் காத்துக்கொள்ள வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.