கேளாமல் எடுத்த முகம்

மடுல்சீமைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண், கமெராவைக் கண்டதும் நிமிர்ந்து சேலையைச் சரிசெய்துகொள்வாள். அத்தோடு படம் கெட்டது என்பார்கள், என்னையொத்த பொழுதுபோக்குப் படப்பிடிப்பாளர்கள். பிறர் தன்னை எப்படிக் காணவேண்டும் என்பதை அவள் சொல்வதே அப்போதுதான் என்பது என் எண்ணம்.

பெஷாவருக்கு அருகே நாசிர் பாக் அகதி முகாமில், பள்ளிக்கூடக் கூடாரமொன்றில் 1984இல் ஸ்டீவ் மெக்கரி எடுத்த சிறுமியின் படம், 1985 ஜூனில் ‘நேஷனல் ஜியோகிரபிக்’ அட்டையில் வந்தது. ஷர்பத் குலா தம் படத்தை முதன்முதலாகப் பார்த்தது 2002இல். அதுவரை உலகுக்கு அவர் பெயரும் தெரியாது. பள்ளிக்கூடக் கூடாரமாம்! இடாப்பில் பெயரில்லாத பிள்ளையை நாம் வகுப்பில் இருத்துவதில்லையே. ஒளிந்திருந்து எடுத்த படமல்ல, நேரே பார்க்கிறாள் என்பர். பார்ப்பது சம்மதமாகிவிடுமா?

2016இல் மெக்கரியின் வேறு சில படங்களில் இருந்தவை கணினியில் அகற்றப்பட்டமை வெளியானது. தாம் காட்சியால் கதை சொல்பவர் என்றார் அவர். ஒளியைக் கூட்டுவதில் எனக்கும் ஆட்சேபமில்லை. லயத்தின் தகரக் கூரையை அழித்துத் தேயிலைப் பச்சையை மட்டும் வைப்பது பொய்ச்சாட்சி.

எடுத்ததும் அவர்களிடமே காட்டிக் கேட்பது என் வழக்கம். சிலர் அழிக்கச் சொல்வார்கள். நல்ல படங்கள் பல அப்படிப் போயின. ஒரு மூதாட்டி மட்டும், "ஐடென்டிட்டி கார்டுக்கு இது ஆகுமா மாஸ்டர்?" என்று கேட்டார்.