பந்தியில் கைதட்டியவன்

காரைக்காலில் அரசலாறு கடலோடு கலக்கிற முகத்துவாரத்துக்கு, ஒரு பங்குனி மாதக் காலையில் போயிருந்தேன். கையில் புது கேமரா. தண்ணீர் வடிந்த சேற்றுத் திட்டில், குருவி அளவே இருக்கும் நூற்றுக்கணக்கான பறவைகள். தலை நிமிராமல் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தன.

எப்படிப் பார்த்தும் படம் சரியாக அமையவில்லை. எல்லாம் ஒரே சமயத்தில் பறந்தால் எப்படி இருக்கும்? பலமாகக் கை தட்டினேன். மொத்தக் கூட்டமும் எழும்பி, வெயிலில் வெள்ளையாகப் புரண்டு, போயே போய்விட்டது. அருமையான படம்!

படகோரம் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் என்னைப் பார்த்தார். ‘‘ஏன் தம்பி, பந்தியில உட்கார்ந்து சாப்பிடுறவங்களை யாராச்சும் கை தட்டி எழுப்புவாங்களா?’’

சிரித்து மழுப்பினேன். ஆனால், அந்தக் கேள்வி என்னோடு பஸ் ஏறி வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். அது கொசு உள்ளான். எடை முப்பது கிராம் தேறினாலே அதிகம். வடகோடி சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு நம் கடற்கரைக்கு வருகிறது. கோடை பிறந்தால் திரும்பிப் போயாக வேண்டும். அந்தப் பல ஆயிரம் கிலோமீட்டருக்கும் பெட்ரோல், அது தின்று தின்று உடம்பில் சேர்க்கிற கொழுப்புதான். சேற்றில் தண்ணீர் வடிந்திருக்கிற சில மணி நேரம்தான் அதற்குப் பந்தி. என் படத்துக்கு அந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவு போயிருக்கிறது.

ஒரு கைதட்டலில் பறவை செத்துவிடாது, வாஸ்தவம். ஆனால், கை தட்டுகிறவன் நான் ஒருவன்தானா?

வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர் ஜனங்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-ல் பாதுகாப்பு உத்தரவே வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்ற சுயநலமும் அதில் உண்டு. இருக்கட்டுமே! சுட்டவனுக்கு அது பொழுதுபோக்கு. யோசித்தால், எனக்கும் பொழுதுபோக்குதான்.

‘நான் எதையும் எடுக்கலையே, பார்க்கத்தானே செய்தேன்’ என்பது நமக்கு ரொம்ப சௌகரியமான சமாதானம். விபத்தில் கிடப்பவரைச் செல்போனில் படம் பிடிக்கும்போதும், துக்க வீட்டில் அழுகிறவர் முகத்தருகே கேமராவைக் கொண்டுபோகும்போதும் இதையேதான் சொல்கிறோம். பார்ப்பது தப்பே இல்லை. நம் பார்வைக்காக அடுத்த உயிர் அசைந்து கொடுக்கணும் என்று நினைக்கிறோமே, அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது.

இதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் தாண்டி கோடியக்கரைக்குப் போங்கள். 1967-லிருந்து சரணாலயம். 2002-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்பு நிலம். பூநாரை, உள்ளான் எல்லாவற்றையும் ஆசை தீரப் பாருங்கள். அவர்கள் விருந்தாளிகள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

மறு வருஷம் அதே முகத்துவாரத்துக்குப் போனேன். ஈர மணலில் அசையாமல் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து, கொத்திக்கொண்டே அவையாகவே பத்தடி பக்கத்தில் வந்துவிட்டன. அந்தக் கறுப்பு அலகின் நுனிகூடத் தெரிந்தது.

படம் எடுத்தீர்களா என்று கேட்காதீர்கள். பையின் ஜிப்பைத் திறந்தால் சத்தம் கேட்குமே!