கட்டளையும் சித்தமும்

ஒருவன் மேலோர் ஆணைக்குக் கட்டுப்பட்டு ஒரு நற்செயலைச் செய்கிறான். அச்செயலின் நன்மை யாரைச் சாரும்? செய்தவனையா, செய்வித்தவனையா? ஆணையின்படி செய்தது தீச்செயலாயின் அதன் பழி யாரைச் சாரும்? சமயங்கள் யாவும் இவ்வினாவை ஏதேனும் ஒரு வகையில் எதிர்கொண்டே வந்துள்ளன. ஆயினும் மிக நெருக்கடியான நிலையில் இதனை எதிர்கொண்டோர் கிறித்தவர்கள் எனலாம். உலகனைத்தையும் படைத்து ஆள்பவர் கடவுள் ஒருவரே. மனிதனின் சித்தமும் அவர் தந்ததே. அச்சித்தம் அவருக்கு முற்றிலும் கீழ்ப்படிதல் வேண்டும். இம்மூன்றையும் ஒருங்கே ஏற்கும்போது இடர் எழுகிறது. கட்டளையிடுபவரும் அவரே, அதனை நிறைவேற்றும் ஆற்றலை அருள்பவரும் அவரே என்றால், நிறைவேற்றியவனைப் புகழ என்ன உளது? நிறைவேற்றாதவனை ஒறுப்பது எங்ஙனம் முறையாகும்?

படைப்புக் கடவுள் என்னும் கொள்கையை ஏலாத நமக்கு இஃது அயலார் வீட்டு வழக்காகத் தோன்றலாம். அவ்வாறு ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. பெரியோர் சொல்லுக்கும் நூலின் விதிக்கும் குலவழக்கிற்கும் கட்டுப்பட்டு வாழும் எவர் வீட்டு வாயிலிலும் இவ்வினா ஒருநாள் வந்து நிற்கவே செய்யும். மேலும், இவ்வழக்கைக் கிறித்தவர்கள் ஏட்டில் மட்டும் நடத்தவில்லை. உயிரைப் பணயமாக வைத்து நடத்தியோரும் அவருள் உளர்.

விவிலியத்தின் தொடக்க நூலில் முதல் மனிதர் இருவர்க்கும் ஒரே ஒரு விலக்கு இடப்படுகிறது. தோட்டத்து மரங்களுள் ஒன்றன் கனியை உண்ணலாகாது. அம்மரத்தைச் சுற்றி வேலி இல்லை, காவலும் இல்லை. காவல் வைக்கப்பட்டது அவர்கள் தவறிய பின்னரே, அதுவும் வேறொரு மரத்திற்கு. மீற இயலாத இடத்தில் கட்டளைக்குப் பொருளே இல்லை என்பதை அக்கதை சொல்லாமற் சொல்கிறது. வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீனார் (354–430) தம் இளமையில் இக்கருத்தையே வலியுறுத்தித் தனி நூல் ஒன்று எழுதினார். தீமை கடவுளிடமிருந்து வரவில்லை. மனிதன் தன் சித்தத்தைத் திருப்பியதால் வந்தது என்பது அவர் முடிபு. ஆனால் வயது ஏற ஏற, திரும்பிய சித்தம் தானாக நேர்வழிக்கு மீளாது, கடவுளின் அருள் முன்வந்து பற்றினாலொழிய நன்மையை விரும்பவும் அதனால் இயலாது என்னும் பக்கம் அவர் சாய்ந்தார். தாம் எழுதிய தன்வரலாற்றில், இறைவன் எதைக் கட்டளையிடுகிறானோ அதைச் செய்யும் வலிமையையும் அவனே தர வேண்டுமென அவர் வேண்டினார். அவ்வேண்டுதலை உரோமையில் கேட்ட பெலாஜியுஸ் என்னும் பிரித்தானியத் துறவி வெகுண்டார். செய்ய முடியாததைக் கடவுள் ஏவுவாரா? ஏவினார் எனில் நம்மால் முடியும் என்பதே பொருள். அவ்வாறன்றி எல்லாம் அருளே என்றால் சோம்பேறிக்கும் தீயோனுக்கும் நல்ல சாக்கு அகப்பட்டுவிடும். இதுவே அத்துறவியின் வாதம். வாசகர்களில் பலர்க்குப் பெலாஜியுஸ் சொன்னதே நியாயமெனப் படும். நமக்கும் முதலில் அவ்வாறே பட்டது. ஆயினும் 418 ஆம் ஆண்டு கார்த்தேஜ் நகரில் கூடிய ஆயர் அவை அவர் கொள்கையைக் கண்டித்தது.

வழக்கு அத்துடன் தீரவில்லை. 1524 இல் எராஸ்முஸ் என்னும் அறிஞர் மனிதச் சித்தத்தின் உரிமையைத் தாங்கி எழுத, மறு ஆண்டே லூத்தர் சித்தம் அடிமைப்பட்டது என்று மறுத்து எழுதினார். பின்னர்க் கத்தோலிக்கர்க்குள்ளேயே இயேசு சபையாரும் தொமினிக்கன் சபையாரும் அருளுக்கும் சித்தத்திற்கும் எல்லை வகுப்பதில் மோதிக்கொண்டனர். உரோமையில் ஆண்டுக்கணக்கில் விசாரணை நடந்தது. 1607 இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல், இரு சாராரும் தத்தம் கருத்தைக் கொண்டிருக்கலாம், ஒருவரையொருவர் பழித்தல் மட்டும் கூடாது என்று கூறி, தீர்ப்பின்றியே அவையைக் கலைத்தார். சமய வாதங்களின் வரலாற்றில் இதைவிட அறிவார்ந்த தீர்ப்பு அரிது என்று நாம் எண்ணுவதுண்டு.

இவ்வாதங்களுக்கிடையே பலரும் நினைவிற் கொள்ளாத ஒருவர் மாக்சிமுஸ். கி.பி. 580 அளவில் பிறந்த துறவி. ஏழாம் நூற்றாண்டில் கான்ஸ்தாந்திநோபிள் பேரரசு சிரியாவையும் எகிப்தையும் அரபியரிடம் இழந்துகொண்டிருந்தது. பிளவுபட்ட கிறித்தவர்களை ஒன்றுசேர்க்க அரசவை ஒரு சூத்திரம் கண்டது. இயேசு கடவுளும் மனிதனும் ஆயினும் அவருக்குச் சித்தம் ஒன்றே என்பது அது. சித்தம் இரண்டாயின் ஒன்றோடொன்று முரணும் அல்லவா என்பது அதன் பின்னுள்ள அச்சம். மாக்சிமுஸ் இதனை ஏற்க மறுத்தார். அவர் சுட்டியது கெத்சமனி தோட்டத்து நிகழ்ச்சியை. கைதாவதற்கு முந்திய பொழுதில் இயேசு, கூடுமாயின் இத்துன்பக் கிண்ணம் தம்மை விட்டு நீங்கட்டும் என்றும், ஆயினும் தம் விருப்பம் வேண்டா, தந்தையின் விருப்பமே ஆகட்டும் என்றும் வேண்டியதாக நற்செய்தி நூல்கள் கூறும். அங்கு நடுங்கியது யாருடைய சித்தம் என்று மாக்சிமுஸ் வினவினார். கடவுளுக்கு நடுக்கம் இல்லை. சாவினின்று பின்வாங்குவது உயிரின் இயல்பு. அது மனிதச் சித்தம். பின்னர் இசைந்ததும் அதே மனிதச் சித்தமே. அதனை அகற்றிவிட்டால் அங்கே கீழ்ப்படிதல் என்று ஒன்று நிகழவேயில்லை; கடவுள் தமக்குத் தாமே இசைந்தார் என்றாகும். அது நாடகமன்றி வேறில்லை.

நுண்வாதம் போல் தோன்றும் இதன் உட்பொருள் பெரிது. கீழ்ப்படிதல் என்பது சித்தத்தை அழிப்பதன்று. கீழ்ப்படிய ஒரு சித்தம் இருந்தே ஆகவேண்டும். மேலும் மாக்சிமுஸ், இதுவா அதுவா என்று தடுமாறுவதைச் சுதந்திரத்தின் சிறப்பாகக் கொள்ளவில்லை. தடுமாற்றம் நம் அறியாமையின் அடையாளம். நன்மையைத் தெளிவாகக் கண்டவன் தயங்குவதில்லை, அதனால் அவன் அடிமையாகிவிடுவதும் இல்லை என்றார்.

648 இல் பேரரசர் இரண்டாம் கான்ஸ்தான்ஸ், சித்தம் ஒன்றா இரண்டா என்று எவரும் வாய் திறக்கலாகாது என ஆணை பிறப்பித்தார். மாக்சிமுஸ் வாய் திறந்தார். கைதாகி, விசாரிக்கப்பட்டு, நாடு கடத்தப்பட்டார். 662 இல் மீண்டும் விசாரணை நடந்து, அவர் நாவும் வலக்கரமும் துண்டிக்கப்பட்டன. கருங்கடலின் கிழக்கே ஒரு தொலைநாட்டில் அவ்வாண்டே இறந்தார். பத்தொன்பது ஆண்டுகளுக்குள், 680–681 இல் கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய பொதுச்சங்கம் அவர் கூறியதையே கோட்பாடாக ஏற்றது. அவர் பெயரை மட்டும் குறிப்பிடவில்லை. மனிதச் சித்தம் அழியாதது என்று சொன்னவர் அரசாணைக்குக் கீழ்ப்படியாமல் மாண்டார் என்பதை அன்பர்கள் கருதிப் பார்க்கலாம்.

இனி நாம் நம் காலத்திற்கு அண்மையில் வருவோம். ஆஸ்திரியாவில், ஜெர்மானிய எல்லையை ஒட்டி, ராடெகுண்ட் என்னும் புனிதையின் பெயர் கொண்ட சிற்றூர் ஒன்று உளது. அங்கு 1907 இல் பிறந்த உழவர் ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர். ஊர்ப்பள்ளிக்கு மேல் படித்தவரல்லர். ஊர்த் தேவாலயத்தில் மணியடித்தும் வழிபாட்டுப் பொருள்களைப் பேணியும் வந்தார். நம் நாட்டுக் கத்தோலிக்கர் கோயிற்பிள்ளை என்பரே, அப்பணி. 1938 இல் ஆஸ்திரியாவை ஜெர்மனியுடன் இணைத்ததற்கு மக்கள் ஒப்புதல் கேட்டபோது அவ்வூரில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவரே. 1940 இல் படைக்கு அழைக்கப்பட்டுப் பயிற்சியும் பெற்றார். ஊர்த்தலைவர் பரிந்துரையால் 1941 இல் வீடு திரும்பினார். மீண்டும் அழைப்பு வந்தால் ஹிட்லரின் போரில் ஆயுதம் ஏந்துவதில்லை என்று அப்போது முடிவு செய்தார்.

அம்முடிபு சரியா என்று அவர் தம் சமயத் தலைவர்களிடமே கேட்டார். இதுவே நம் பொருளுக்கு மிக நெருக்கமான இடம். லின்ஸ் நகர ஆயர் அவரைச் சந்தித்து அறிவுரை கூறினார். ஆள்வோர்க்குக் குடிமக்கள் கட்டுப்படுதல் வேண்டும். அரசின் செயலுக்குத் தனிக்குடிமகன் பொறுப்பல்லன். குடும்பத் தலைவனுக்கு மனைவி மக்களே முதற் கடமை. இவ்வறிவுரை புதிதன்று; ஆள்வோரின் அதிகாரம் கடவுளிடமிருந்தே வருகிறது என்று பவுல் உரோமையர்க்கு எழுதிய மடலைப் பற்றி நின்று நூற்றாண்டுகளாக ஓதப்பட்டு வந்தது. யேகர்ஸ்டேட்டர் வெளியே வந்து மனைவியிடம், ஆயருக்கே துணிவில்லை, பேசினால் அடுத்து அவர்கள் முறை வந்துவிடும் என்று அஞ்சுகின்றனர் என வருந்தினார். ஆயரை நாம் கொடியவர் என்று கருதவில்லை. ஒற்றர்கள் நிறைந்த காலம். வந்தவன் யாரென்று அவர் எங்ஙனம் அறிவார்? அஞ்சியது மனித இயல்பு. ஆனால் அச்சத்திற்கு வேதாந்தம் கற்பித்ததே இடர். ஏவியவனே பொறுப்பு, ஏவலைச் செய்தவன் பொறுப்பல்லன் என்ற அந்த ஆறுதலைத்தான் 1945–46 இல் நூரம்பர்க் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் தம் வாதமாகச் சொன்னார்கள். மேலிடத்து ஆணை என்பது குற்றத்தினின்று விடுவிக்காது என்று அந்நீதிமன்றம் தள்ளியது.

1943 மார்ச்சுத் திங்களில் எனஸ் நகரப் படைமுகாமுக்குச் சென்று போரிட மறுப்பதாக அவர் அறிவித்தார். காயமுற்றோர்க்குப் பணி செய்ய இசைந்தார், அஃது ஏற்கப்படவில்லை. ஜூலையில் இராணுவ நீதிமன்றம் சாவுத் தண்டனை விதித்தது. 1943 ஆகஸ்டு 9 ஆம் நாள் பிராண்டன்பர்க் சிறையில் அவர் தலை கொய்யப்பட்டது. வயது முப்பத்தாறு. மனைவி ஃபிரான்சிஸ்காவுக்குப் பிறந்த மூன்று பெண்களுள் கடைசிக் குழந்தைக்கு மூன்று வயது.

சிறையில் அவர் எழுதியவை கிடைத்துள்ளன. கைகள் பிணைக்கப்பட்டே எழுதுவதாகவும், சித்தம் பிணைக்கப்படுவதைவிட இதுவே மேல் என்றும் ஓரிடத்தில் குறிக்கிறார். சித்தம் அடிமை என்று லூத்தர் எழுதி நானூறு ஆண்டுகளுக்குப் பின், இறையியல் ஏதும் கல்லாத ஓர் உழவர் இதனை எழுதுகிறார். அவர் பெலாஜியுஸின் கட்சிக்காரர் என்று நாம் முடிவுகட்ட முனையும்போது அவர் வேறொன்று சொல்கிறார். கடவுள் எனக்கு இவ்வருளைத் தராதிருந்தால் நானும் மற்றவர்களைப் போலவே நடந்திருப்பேன். எனக்குக் கிடைத்த அளவு அருள் மற்றவர்க்குக் கிடைத்திருந்தால் அவர்கள் என்னைவிட மிகுந்த நன்மை செய்திருக்கவும் கூடும் என்பது அவர் கூற்றின் சாரம். போருக்குச் சென்ற ஊராரை அவர் பழிக்கவில்லை. அதே நேரத்தில் தமக்கு அருள் வந்தது என்பதைச் சொல்லித் தம் பொறுப்பைக் கடவுள்மேல் இறக்கிவைக்கவும் இல்லை. கைச்சாத்து ஒன்று இட்டால் உயிர் தப்பும் என்ற நிலையிலும் இட மறுத்தது அவர் கையே.

அருளா, சித்தமா என்று ஆயிரம் ஆண்டுகள் வாதிட்டோர் இரண்டையும் தராசின் இரு தட்டுகளாகவே கண்டனர். ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்க வேண்டும். செய்தவனின் வாயிலிருந்து கேட்கும்போது தராசே அங்கில்லை. ஆயின், இதனால் எல்லாம் தெளிந்துவிட்டது என்று நாம் கூறமாட்டோம். அருளை அவ்வாறு பகிர்ந்தளிப்பவர் ஏன் ஒருவர்க்கு மிகுதியும் ஒருவர்க்குக் குறைவும் தந்தார் என்ற பழைய வினா அப்படியே நிற்கிறது. மூன்று சிறுமியரின் சார்பில் கேட்கப்படும் வினாவும் நிற்கிறது. ஒருவர் தம் மனச்சான்றுக்குக் கீழ்ப்படிந்ததன் விலையை, தெரிவு செய்யும் வயது வராத குழந்தைகள் செலுத்தலாமா? அவர் இதனை எண்ணாதவர் அல்லர். குழந்தைகளைப் பற்றிய கவலை அவர் மடல்களில் நிறைந்துள்ளது. எண்ணியும் மாறவில்லை. அது சரியென்று எளிதாகச் சொல்லும் துணிவு நமக்கு இல்லை. தவறென்று சொல்லும் தகுதியும் இல்லை.

போர் முடிந்த பின்னரும் மறைமாவட்ட இதழில் அவரைப் பற்றிய கட்டுரை வெளிவர ஆயர் இசையவில்லை. கடமையைச் செய்து போர்முனையில் மாண்ட இளைஞர்களே பெரிய வீரர் என்பது அவர் கருத்து. 1964 இல் கார்டன் ஜான் என்னும் அமெரிக்கச் சமூகவியலார் இவ்வரலாற்றை நூலாக்கினார். 1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் போர் பற்றிய விவாதத்தின்போது இவ்வுழவரின் பெயரை எடுத்துரைத்தவர், நம் பம்பாய் நகரின் முன்னாள் பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ். மனச்சான்றின்படி ஆயுதம் ஏந்த மறுப்போர்க்குச் சட்டத்தில் இடம் வேண்டும் என்று அச்சங்கம் எழுதிவைத்தது. 1997 இல் பெர்லின் நீதிமன்றம் அவருக்கு விதித்த தண்டனையை நீக்கியது. 2007 அக்டோபர் 26 ஆம் நாள் அதே லின்ஸ் நகரில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது.

ஃபிரான்சிஸ்காவைப் பற்றியும் ஒரு சொல். முதலில் அவரும் கணவரை மறுபடி எண்ணிப் பார்க்குமாறே வேண்டினார். பின்னர் ஊரும் உறவும் ஒருங்கே எதிர்த்தபோது, நானும் துணை நில்லாவிடில் அவருக்கு யாரும் இலர் என்று கண்டு அவர் பக்கம் நின்றார். 1943 ஜூலையில் பெர்லினில் இருபது நிமிடம் கணவரைக் கண்டதே இறுதி. கணவரைக் கெடுத்தவள் இவளே என்று ஊரார் சிலர் ஏசினர். போர் விதவைக்குரிய உதவித்தொகை முதலில் மறுக்கப்பட்டு 1950 இல்தான் கிடைத்தது. நிலத்தை உழுது, பெண்களை வளர்த்து, கணவர் விட்டுச் சென்ற கோயிற்பணியையும் தாமே ஏற்று, அவரை ஏசிய ஊரார்க்காக ஆலயத்தைத் துப்புரவாக வைத்திருந்தார். 2013 இல் நூறு வயது நிறைந்து மறைந்தார். அவரை அவ்வாறு செய்யுமாறு எவரும் கட்டளையிட்டதாகத் தெரியவில்லை.