ஃபார்மட் அடித்த பிறகும்

பழைய லேப்டாப் முக்கி முனக ஆரம்பித்தால் எல்லாரும் முதலில் செய்வது ஃபார்மட்தான். வேண்டிய ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, பார்ட்டிஷன்களை அழித்து, ஓஎஸ்ஸைப் புதிதாகப் போட்டுவிடுவார்கள். பல சமயம் பலன் கிடைக்கும். கிடைக்காமல் போகும்போதுதான் விஷயம் சூடு பிடிக்கிறது. புதுக்கோட்டை கீழ ராஜ வீதி வட்டாரத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் யாருக்கும் இந்தப் பேச்சு பழகியிருக்கும்.

"அண்ணே, எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டாச்சு. இன்னமும் ஆன் ஆக அஞ்சு நிமிஷம் ஆகுது."

"எல்லாத்தையும்னா எதைத் தம்பி?"

கடைக்காரர் போகிற போக்கில் கேட்டதுதான். ஆனால் இந்த மாவட்டத்து மண்ணில் சமயவாதிகள் நூற்றாண்டுக் கணக்கில் கேட்டு வந்ததும் இதையேதான். தீட்சை வாங்கியாயிற்று, துறவு பூண்டாயிற்று, ஞானமும் வந்தாயிற்று. அப்புறமும் பழையது ஏன் விட மாட்டேன் என்கிறது? சித்தன்னவாசல் குன்றில் தவம் கிடந்த சமணர்கள் ஒரு பதில் வைத்திருந்தார்கள். ஆவுடையார்கோயிலை மையமாகக் கொண்ட சைவர்களுக்கு வேறு பதில்.

முதலில் லேப்டாப்பைப் பார்த்துவிடலாம். ஓஎஸ் போடும்போது நடக்கிற குவிக் ஃபார்மட் உண்மையில் எதையும் துடைப்பதில்லை. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை மட்டும் புதிதாக எழுதுகிறது. அழிந்துபோன கல்யாண போட்டோக்களை மீட்டுத் தருகிறவர்களின் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. சரி, டிஸ்க் முழுக்கப் பூஜ்யங்களை எழுதி நிரப்பினால்? அப்போதும் ஒரு கணக்கு அழியாது. ஹார்டு டிஸ்க் தன் வரலாற்றை ஓஎஸ் கை வைக்க முடியாத ஒரு ஒதுக்குப்புறத்தில் தானே எழுதி வைத்துக்கொள்கிறது. 'ஸ்மார்ட்' என்று அதற்குப் பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்தால் வரிசையாகத் தெரியும். 09 என்ற வரியில், பிறந்ததிலிருந்து எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற எண். 05-இல், கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. சி5-இல், படிக்கவும் முடியாமல் கைவிடவும் முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும் செக்டர்கள். நிலைமை சரியாக இருந்தால் மேலே உள்ள கட்டம் நீலம்; சரியில்லையென்றால் மஞ்சள். சித்திரகுப்தன் ஏட்டுக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. நூறு முறை விண்டோஸ் போட்டாலும் 09-இல் ஒரு மணி நேரம்கூடக் குறையாது.

சி5 ஏறிய டிஸ்க் எப்படி மெதுவாகிறது என்பதும் பார்க்க வேண்டியது. கெட்ட இடத்தில் மாட்டிக்கொண்டால், டிஸ்க் அதை விடாமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அதுவரை விண்டோஸ் காத்திருக்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கும். வேலை நடந்த அளவோ சொற்பம். இது தவிர, ஃபேனில் தூசி அடைத்து, ப்ராசஸர் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால், சூடு 95, 100 டிகிரியைத் தொடும்போது ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில மாடல்களில் சார்ஜரை மெஷின் அடையாளம் காணாவிட்டாலும் இதே கதிதான். எல்லாமே ஓஎஸ்ஸுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவை. (ஃபார்மட் அடித்த முதல் நாளே யாரும் திட்டக் கூடாது என்பது தனி விஷயம். அப்டேட், இண்டெக்ஸிங், வைரஸ் ஸ்கேன் எல்லாம் முடிய ஒரு ராத்திரி விட்டுவிட வேண்டும்.)

இனி அறந்தாங்கி பக்கத்து ஆவுடையார்கோயில், அதாவது திருப்பெருந்துறை. பாண்டியனின் அமைச்சர் வாதவூரர் குதிரை வாங்கக் கஜானாப் பணத்தோடு வந்தார். குருந்த மரத்தடியில் குருவாக அமர்ந்திருந்த சிவன் அவரை ஆட்கொண்டார். அந்த நொடியில் அமைச்சர் போய் மாணிக்கவாசகர் வந்தார். இதைவிடச் சுத்தமான ரீ-இன்ஸ்டால் சைவ மரபில் கிடையாது. கோயிலும் அதற்குத் தக்கபடிதான் இருக்கிறது: கருவறையில் ஆவுடையார் மட்டும், மேலே லிங்கம் இல்லை, நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. நைவேத்தியம்கூட ஆவி பறக்கும் புழுங்கலரிசிச் சோறு. சுவாமிக்குச் சேர்வது அந்த ஆவிதான். வழக்கமாக இருக்க வேண்டியதை எல்லாம் அழித்துவிட்ட கோயில் என்றே சொல்லலாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. குதிரைப் பணம் கோயில் திருப்பணிக்குப் போய்விட்டது. அரசன் கேட்டான். நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்தன, ராத்திரியில் திரும்ப நரிகளாகி ஓடின. வாதவூரர் வைகை மணலில் கொளுத்தும் வெயிலில் நிறுத்தப்பட்டார். திருவிளையாடற் புராணம் இதை நான்கு படலங்களில் விரித்துச் சொல்கிறது. இறைவனே பிட்டுக்கு மண் சுமந்து அடி வாங்கினான் என்று பக்தர்கள் கண்ணீர் விடுவார்கள். கொஞ்சம் ஈரம் இல்லாமல் பார்த்தால், நடந்தது இவ்வளவுதான்: ஆட்கொள்ளப்பட்டவரின் பழைய பற்று வரவுக் கணக்கு ரத்தாகவில்லை.

இதற்குச் சைவ சித்தாந்தத்தில் விளக்கம் தயாராக இருக்கிறது. வினை மூன்று வகை. பல பிறவிகளில் சேர்ந்த சஞ்சிதம் குருவின் தீட்சையில் எரிந்துவிடும். இனிமேல் ஏறக்கூடிய ஆகாமியம் அருளால் ஏறாமல் போகும். இந்த உடம்பு எதை அனுபவிக்க வந்ததோ அந்தப் பிராரத்தம் மட்டும் அனுபவித்துத்தான் தீர வேண்டும். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் சொல்வது இது. வைகை மணலுக்கு இது போதும்.

திருவாசகத்துக்குப் போதாது. அதுதான் இங்கே உண்மையான சிக்கல். அரசன் தந்த வெயிலை உடம்பின் கணக்கில் எழுதிவிடலாம். மாணிக்கவாசகரோ தன் மனத்தையே குற்றம் சொல்கிறார். ஆட்கொள்ளப்பட்ட பிறகு, உத்தரகோசமங்கையில் இருந்துகொண்டு, நீத்தல் விண்ணப்பத்தின் 50 பாட்டிலும் என்னை விட்டுவிடாதே என்று கெஞ்சுகிறார்; புலன்கள் இழுப்பதையும் மனம் வழுக்குவதையும் ஒளிக்காமல் சொல்கிறார். நமக்காக அவர் பாடினார், அவருக்கு அந்தக் குறை இல்லை என்று உரைகாரர்கள் சிலர் சமாதானம் சொல்வதுண்டு. அது பக்தியின் மரியாதை. பாட்டைப் படிக்கிறவர்களுக்கு அது ஒட்டாது.

மெய்கண்டார் இன்னும் நேர்மையானவர். 13-ஆம் நூற்றாண்டில் அவர் செய்த சிவஞானபோதத்தில் சூத்திரங்கள் 12-தான். பதினோராவதிலேயே உயிர் சிவனடியைச் சேர்ந்துவிடுகிறது. நூல் அங்கே நின்றிருக்கலாம். நிற்காமல் பன்னிரண்டாவதில் உயிரின் அழுக்கான மலத்தைக் கழுவச் சொல்கிறார், அடியாரோடு சேரச் சொல்கிறார், கோயிலைத் தொழச் சொல்கிறார். சேர்ந்த பிறகு என்ன கழுவல்? மலம் போனாலும் அதன் வாசனை இருக்கும், பெருங்காயம் வைத்த பாத்திரம் மாதிரி என்று பின்னால் வந்தவர்கள் விளக்கினார்கள்; வாசனாமலம் என்று பெயரும் வைத்தார்கள். கவனிக்க வேண்டியது, இன்னொரு தீட்சை வாங்கு என்று மெய்கண்டார் சொல்லவில்லை என்பதை. ஒரு பரிகாரம் பலிக்காவிட்டால் அதையே இன்னும் பெரிதாக, இன்னும் செலவு வைத்துச் செய்யச் சொல்கிற இன்றைய ஜோசியர்களும், ஃபார்மட் சரிப்படாவிட்டால் மறுபடி ஃபார்மட் அடிக்கிற தம்பிகளும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

திருவரங்குளம் காட்டில் 1738-இல் புதுக்கோட்டை மன்னர் விஜயரகுநாத ராயத் தொண்டைமான் சந்தித்த அத்வைதத் துறவி சதாசிவ பிரம்மேந்திரரிடம், பழையது விடவில்லையே என்ற இந்தக் கவலையே தெரியவில்லை. அவர் மணலில் எழுதிக் காட்டிய தட்சிணாமூர்த்தி மந்திரத்தை மன்னர் மணலோடு அள்ளி அரண்மனைக்குக் கொண்டுபோய்ப் பூஜையில் வைத்தார். வெட்டுண்ட கையைக்கூடக் கவனிக்காமல் நடந்துபோனார் என்று பிரம்மேந்திரரைப் பற்றி ஒரு கதை உண்டு. அத்வைதத்தின் பதில் அந்தக் கதையிலேயே இருக்கிறது: உடம்பின் பாக்கி உடம்பு ஓடும்வரை ஓடட்டும், அது யாருடையது என்று மட்டும் கேள். மெதுவான லேப்டாப்பை மெதுவாகவே வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் உண்டு. ரொம்பப் பேர் இல்லை.

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல். குகைக்கோயிலின் விதானத்தில் தாமரைக் குளம். மீன், அன்னம், யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். 9-ஆம் நூற்றாண்டில், ஸ்ரீமாற ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அழகுக்காக வரைந்த குளம் என்று நினைத்துத்தான் பெரும்பாலோர் பார்த்துவிட்டு வருகிறார்கள். தீர்த்தங்கரர் முழு ஞானம் அடைந்த பிறகு உபதேசம் செய்யும் சமவசரணத்தின் ஒரு பகுதி அது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அப்படியானால் அந்தக் கூரையில் இருப்பது ஞானத்துக்குப் பிந்தைய காட்சி. ஞானம் வந்தும் அருகனுக்கு உடம்பு இருக்கிறது, ஆயுள் இருக்கிறது, உட்கார இடம் வேண்டியிருக்கிறது. சமணக் கணக்கில் எட்டு வினைகளில் உயிரின் இயல்பைக் கெடுக்கும் நான்கு அழிந்துவிட்டன. வேதனீயம், ஆயுள், நாமம், கோத்திரம் என்ற நான்கு உடம்பு விழும்வரை நிற்கும்.

வினையைச் சமணர்கள் ஒரு பொருளாகவே பார்த்தார்கள். நுண்ணிய துகள், உயிரில் வந்து படிவது. அது உள்ளே வருவது ஊற்று. வரவிடாமல் அடைப்பது செறிப்பு. ஏற்கனவே படிந்ததைத் தவத்தால் கழிப்பது உதிர்ப்பு. சித்தன்னவாசல் குன்றின் உச்சியில் ஏழடிப்பட்டம் என்ற குகையின் கற்படுக்கைகள், கல்லிலேயே செதுக்கிய தலையணைகளோடு, அந்த உதிர்ப்புக்காகப் போட்ட படுக்கைகள். ஒரு சர்வீஸ்காரருக்கு இந்தத் தத்துவம் சட்டென்று பிடிபடும்: அடைப்பது ஒரு வேலை, கழிப்பது வேறு வேலை. ஸ்டார்ட்-அப்பில் ஓடுகிறவற்றை நிறுத்தினால் ஃபேனில் படிந்த தூசி போகாது. அதற்குக் கழற்ற வேண்டும்.

மூன்று மரபுக்கும் பிடிபடாத ஒரு மெதுவும் இருக்கிறது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. பின்வந்த வருடங்களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆரம்ப கால மெஷின்களில் 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும். அப்படி ஒன்றை இன்று பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, டிஸ்க்கைச் சோதித்து, கட்டம் நீலமாகவே இருந்தாலும், விண்டோஸ் 10 போட்டால் அது திணறும். ஒரு பிரௌசர் டேப்பே நூற்றுக்கணக்கான எம்பி ரேமைத் தின்கிறது. அந்த மெஷினின் ஹார்டு டிஸ்க் தட்டு நொடிக்கு 90 முறைதான் சுற்றும். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் துண்டுகளை நொடிக்கு நூறுகூட அதனால் எடுக்க முடியாது. எஸ்எஸ்டி அதையே ஆயிரக்கணக்கில் எடுக்கும். மெஷின் 2012-இல் செய்த வேலையை இன்றும் அதே வேகத்தில் செய்கிறது. கேட்கப்படுவதுதான் கனத்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 இல்லை, ப்ராசஸர் பட்டியலில் இல்லை என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பும். இதில் மலம் எங்கே, வினை எங்கே? மனிதர்கள் விஷயத்திலும் இப்படிப் பல 'மெது'க்களுக்குத் தலையெழுத்து என்று பெயர் வைத்துத் தள்ளிவிட்டோம். குறையை உள்ளுக்குள்ளேயே தேடிப் பழகிய தத்துவங்களுக்கு இந்தப் பக்கம் பார்வை போகவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

உள்ளே உண்மையாகவே குறை இருக்கும்போதும் பழைய வழக்கு ஒன்று பாக்கி. சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பகுதியான பரபக்கம் சமணரை மறுக்கத் தனியிடம் ஒதுக்குகிறது. சைவர்களின் வாதம் சுருக்கமானது: வினை ஜடம். செய்தவனைத் தேடிப் பிடித்துப் பலனைத் தானே ஊட்ட அதற்கு அறிவு ஏது? அறிந்து ஊட்ட ஒருவன் வேண்டும், அவன் சிவன். சமணர் இதை ஒப்புவதில்லை. விஷம் தின்றவனைக் கொல்ல இன்னொருவர் எதற்கு என்பார்கள். சி5 ஏறிய ஹார்டு டிஸ்க் சமணர் கட்சி மாதிரிதான் தெரிகிறது. கெட்ட செக்டரைத் தானே குறித்துக்கொள்கிறது, தானே தடுமாறுகிறது, யாரும் வந்து தண்டிப்பதில்லை. அந்தக் கணக்கை எழுதும் ஃபர்ம்வேரை எழுதியவர் யார் என்று சைவர் உடனே கேட்பார். எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியும் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறதே என்று சமணர் திருப்பிக் கேட்பார்.